ஆடவர் விரலணியும் கோமேதகமும்

நவரத்தின மோதிரம் ஒன்றைக் கையில் எடுத்து நோக்குவோரின் கண், முதலில் நடுவேயுள்ள மாணிக்கத்திற் செல்லும். அடுத்து வயிரத்தின் ஒளியும், நீலத்தின் ஆழமும், மரகதத்தின் பசுமையும் கண்ணைக் கவரும். இவற்றினிடையே தேன் துளி உறைந்தாற்போலக் கல்லொன்று அடங்கியிருக்கும். அதுவே கோமேதகம். ஒன்பது மணிகளுள் ஒன்றென்று அதனை எண்ணுவோர் பலர். அதன் வரலாற்றை வினவுவோர் சிலரே. ஆயினும், அக்கல்லும் அதன் செந்நிற உடன்பிறப்புகளும் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளாக ஆடவர் விரல்களில் விளங்கி வருகின்றன. கிரேக்க மன்னரின் முத்திரையாகவும், உரோமச் செல்வரின் பெருமைச் சின்னமாகவும், பிராங்கிய வேந்தரின் வாட்பூணாகவும் அவை திகழ்ந்தன. அவற்றுட் பல, தென்னிந்திய நிலத்திலும் இலங்கை மண்ணிலும் பிறந்தவை.

கோமேதகம் தனித்து நிற்கும் கல்லன்று. மேல்நாட்டார் கார்னெட் என வழங்கும் ஒரு பெருங் குடும்பத்தின் உறுப்பு அது. மாதுளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று அப்பெயர் பிறந்தது. பழம் பிளந்தவிடத்துத் தோன்றும் மாதுளை முத்தின் நிறத்தையும் வடிவையும் அக்கல்லிற் கண்டோர் இட்ட பெயர் அது. இக்குடும்பத்தில் இரும்பு மிகுந்தது அல்மண்டைன். கருஞ்சிவப்பும் ஊதாச் சாயலும் உடையது. மக்னீசியம் மிகுந்தது பைரோப்; நெருப்பையொத்த சிவப்புடையது. சுண்ணாம்புச் சத்தாகிய கல்சியம் கொண்ட குரொசுலர் வகையிற் பிறந்தது கோமேதகம். அறிவியலார் அதனை ஹெசொனைட் என்பர். நிறம் வேறாயினும் பளிங்கமைப்பு ஒன்றே.

விரலணிக்கு இக்குடும்பம் உகந்ததாயிருந்ததற்குக் காரணம் உண்டு. காற்றிற் பறக்கும் புழுதியில் நுண்ணிய பளிங்கு மணல் கலந்துள்ளது. கடினத்தை அளக்கும் பத்துப் படி அளவையில் அம்மணல் ஏழாம் படியில் நிற்கும். அதனினும் மென்மையான கல், சில ஆண்டுகளில் கீறல் விழுந்து மங்கிவிடும். செந்நிறக் கார்னெட் ஏழுக்கும் ஏழரைக்கும் இடைப்பட்டது. ஆதலின் புழுதிக்கு ஈடு கொடுக்கும். மறுபுறத்தில், மாணிக்கத்தைப் போல ஒன்பதாம் படியில் நின்று உளிக்கும் சாணைக்கும் மசியாதிருக்கும் வன்மையும் அதற்கு இல்லை. குருந்தப் பொடி கொண்டு அதில் உருவம் செதுக்கலாம். உழைக்கும் கையில் நெடுநாள் நிலைக்க வேண்டும், செதுக்கவும் இடந்தர வேண்டும் என்னும் இருவகைத் தேவையும் ஒருங்கே நிறைவேறியமையால், முத்திரை மோதிரத்துக்கு அது ஏற்ற கல்லாயிற்று.

பண்டைக்காலத்தில் ஆடவரின் மோதிரம் அழகுக்கு மட்டும் அணியப்பட்டதன்று. அதுவே அவனுடைய கையொப்பம். எழுதிய ஓலையை அல்லது மடலை மூடி, மெழுகை அல்லது களிமண்ணை வைத்து, மோதிரத்தை அதன்மேல் அழுத்தினால் அச்சொல் அவனுடைய சொல்லாகிவிடும். கி. மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் கற்களைப் பற்றி நூலெழுதிய கிரேக்க அறிஞர் தியோபிராஸ்தஸ், கனலும் கரித்துண்டுக்கு ஒப்பான செந்நிறக் கல் ஒன்றைக் குறிப்பிடுகின்றார். முத்திரைகள் அதில் செதுக்கப்பட்டன என்றும், மிகச் சிறியதொன்றுக்கும் 40 பொற்காசு விலையாயிற்று என்றும் அவர் கூறுவார். அக்கல் பெரும்பாலும் கார்னெட்டே என்பது அறிஞர் துணிபு.

அலெக்சாந்தரின் படையெடுப்பு கிழக்கையும் மேற்கையும் இணைத்த பின்னர், கிரேக்க அரசவைகளில் இக்கல் பெருகலாயிற்று. எகிப்தை ஆண்ட தொலமி மரபினரின் காலத்தில், மேற்புறம் குமிழ்போல் உயர்ந்த பெரிய செங்கற்கள் பொன் மோதிரங்களில் பதிக்கப்பட்டன. அரசரின் முகங்களும் தெய்வ உருவங்களும் அவற்றிற் செதுக்கப்பட்டன. ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் அத்தகைய மோதிரங்கள் இன்றும் உள்ளன. ஒளிக்கெதிரே பிடித்தால், உள்ளே எரிகின்ற தணலின் நடுவே ஒரு முகம் நிற்பதுபோல் தோன்றும்.

உரோமர் காலத்தில் மோதிரம் குடிப்பெருமைக்கு அளவுகோலாயிற்று. தொடக்கத்தில் இரும்பு மோதிரமே அவர்களது வழக்கம். பொன் மோதிரம் அணியும் உரிமை உயர்குடியினர்க்கே உரியதாயிருந்தது. அவ்வுரிமையைப் பலர் கவர முற்படவே, திபேரியஸ் மன்னனின் ஆட்சியில், தந்தையும் பாட்டனும் உரிமைக் குடிகளாய்ப் பிறந்து, 400,000 செஸ்தர்சு மதிப்புள்ள உடைமை கொண்டோரே அதனை அணியலாமென விதிக்கப்பட்டது. ஒருவன் விரலைப் பார்த்தே அவன் குலத்தையும் செல்வத்தையும் அறிந்துகொள்ளும் நிலை அது.

கி. பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் மாண்ட பிளினி, தம் பெருநூலில் மோதிரங்களையும் மணிகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். முற்காலத்தில் மோதிரம் சிறுவிரலுக்கு அடுத்த விரலில் அணியப்பட்டது. பின்னர் சுட்டுவிரலுக்கும் சிறுவிரலுக்கும் சென்றது. கோலியரும் பிரித்தானியரும் நடுவிரலில் அணிந்தனர். உரோமரோ நடுவிரலை மட்டும் விலக்கினர் என்று அவர் எழுதுகின்றார். ஒரு நாட்டார் உவந்த விரலை மற்றொரு நாட்டார் விலக்கினர். எந்த விரல் சிறந்தது என்பதில் உலகம் ஒருபொழுதும் ஒத்திருந்ததில்லை.

செங்கற்களைப் பற்றிப் பிளினி கூறும் இரு செய்திகள் நுணுக்கமானவை. ஒன்று, அவை செதுக்குக் கருவிக்கு எளிதில் வயப்படமாட்டா. முத்திரையிடும்போது மெழுகில் ஒரு பகுதியைத் தம்மோடு பற்றிக்கொள்ளும். இக்கல்லைக் கையாண்டவரிடம் கேட்டறிந்த செய்தி அது. மற்றொன்று, அக்காலத்திலேயே கண்ணாடியால் அவற்றைப் போலி செய்தனர். சாணையில் உரைத்தும் எடையை ஒப்பிட்டும் போலியைக் கண்டுபிடிக்கலாமென்றும், கண்ணாடி மெல்லியது, எடையிலும் குறைந்தது என்றும் அவர் வழி கூறினார். ஏறத்தாழ 1,950 ஆண்டுகள் கழிந்தன. போலி செய்வோரும் மறைந்திலர். அவ்விரு சோதனைகளின் அடிப்படையும் மாறவில்லை.

உரோமருக்கு இக்கற்கள் எங்கிருந்து சென்றன? இவ்வினாவுக்கு விடை தமிழர் வாழ்ந்த கடற்கரைகளிற் கிடைக்கின்றது. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் நிகழ்ந்த அகழ்வாராய்ச்சி, உரோமரோடு வாணிகம் நடத்திய பட்டினம் ஒன்றை வெளிப்படுத்தியது. அங்கு மணிகள் துளையிடப்பட்டும் மெருகிடப்பட்டும் வந்தன. அங்குக் கிடைத்த கார்னெட் கற்களின் வேதிக் கூறுகளையும் உள்ளடங்கிய நுண்பொருள்களையும் ஆராய்ந்த அறிஞர், 2017இல் தம் முடிபை வெளியிட்டனர். தெலுங்கானாவின் கம்மம் பகுதியைச் சார்ந்த கரீப்பேட்டைக் குன்றிற் பிறக்கும் கற்களோடு அவை ஒத்திருந்தன. உள்நாட்டுக் குன்றில் எடுத்த கல், நெடுவழி கடந்து, கீழைக்கடற்கரைத் தொழிற்கூடத்தில் மணியாகி, கப்பலேறியது.

இலங்கையின் வடமேற்கில் மாதோட்டம் அத்தகையதோர் துறைமுகம். பாரசீகமும் சீனமும் அனுப்பிய கலங்களின் உடைந்த ஓடுகள் அதன் மண்ணடுக்குகளிற் கிடைத்துள்ளன. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் நூல் எழுதிய கொஸ்மஸ் என்னும் கிரேக்க வணிகர், இலங்கையைக் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுநின்ற பெருஞ்சந்தையாக வருணிக்கின்றார். தீவை ஆண்ட இரு மன்னருள் ஒருவனிடம் மணி விளையும் நாடு இருந்ததென்றும், கோயில் ஒன்றில் பெருஞ் செம்மணி ஒன்று கதிரவன் ஒளியிற் சுடர்ந்ததென்றும் அவர் குறித்துள்ளார். அவர் வழங்கிய பெயர் அக்காலத்தில் பல கற்களுக்குப் பொதுவாயிருந்தது. ஆதலின் அச்செம்மணி இன்னதென அறுதியிட இயலாது. ஆயினும், இலங்கை மணிகளின் புகழ் மத்தியதரைக் கடல்வரை எட்டியிருந்தமை தெளிவு.

அக்கற்கள் சென்ற தொலைவுக்குச் சான்றாக நிற்பது ஓர் அரசனின் கல்லறை. 1653ஆம் ஆண்டு மே மாதத்தில், இன்று பெல்சியத்தைச் சேர்ந்த தூர்னே நகரில், கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டிய தொழிலாளி ஒருவனின் கருவியிற் பொன் தட்டுப்பட்டது. கி. பி. 481 அல்லது 482இல் இறந்த பிராங்கிய மன்னன் சில்டெரிக்கின் புதைகுழி அது. அவன் பெயர் பொறித்த பொன் முத்திரை மோதிரம் அங்கே கிடைத்தது. நீண்ட கூந்தலும் கையில் ஈட்டியும் உடைய மன்னன் உருவம் அதிற் செதுக்கப்பட்டிருந்தது. கூடவே, பொன் அறைகளில் மெல்லிய செந்நிறக் கார்னெட் தகடுகள் பதித்த வாட்பூண்களும், வண்டு வடிவான சிற்றணிகள் பலவும் வெளிவந்தன. பின்னர் அப்புதையல் பிரான்சு மன்னன் பதினான்காம் லூயியிடம் சேர்ந்தது.

1831ஆம் ஆண்டு நவம்பரில் பாரிஸ் நகர நூலகத்திற் புகுந்த கள்வர், அப்புதையலைக் கவர்ந்து சென்றனர். பொன்னின் பெரும்பகுதி உருக்கப்பட்டது. மன்னனின் மோதிரம் மறைந்தது. 1655இல் வெளியான நூலொன்றின் படங்களாலும் வார்ப்புப் படிகளாலுமே அதன் உருவம் இன்று அறியப்படுகின்றது. கள்வர் செயின் நதியில் எறிந்தவற்றுட் சில மீட்கப்பட்டன. எஞ்சியவற்றுள் சிறந்தவை செங்கற்கள் பதித்த வாட்பூண்களும் இரண்டு வண்டுகளுமே. பெயர் பொறித்த பொன் அழிந்தது. பெயரில்லாத கல் நிலைத்தது.

அக்கல்லின் பிறப்பிடத்தை அறிவியல் பின்னர் வினவியது. கல்லைச் சேதப்படுத்தாது அதன் கூறுகளை அளக்கும் கருவிகள் கொண்டு பிராங்கியர் கால அணிகளை ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வாளர், 2002இல் வெளியிட்ட முடிபு வியப்புக்குரியது. 6ஆம் நூற்றாண்டு வரையிலான அணிகளிற் பதித்த கற்களுட் பெரும்பாலானவை இந்தியாவினின்றும், ஒரு பகுதி இலங்கையினின்றும் சென்றவை என அவர்கள் கண்டனர். 7ஆம் நூற்றாண்டு அணிகளிலோ, நடு ஐரோப்பாவின் பொகீமியக் கற்களே மிகுந்தன. செங்கடல் வழியும் பாரசீக வழியும் போர்களால் இடர்ப்பட்டமையை இதற்குக் காரணமாகக் காட்டுவோர் உளர். விருப்பமும் தொழில்முறையும் மாறியமையைக் காட்டுவோரும் உளர். எவ்வாறாயினும், இந்துசமுத்திரத்து வாணிகத்தின் ஏற்றத்தாழ்வு, பல்லாயிரங் கல் தொலைவிலுள்ள பொற்கொல்லன் பட்டறையில் உணரப்பட்டது.

மேற்கே செங்கல் மதிக்கப்பட்ட அக்காலத்தில், கிழக்கே தேன்நிறக் கோமேதகம் வேறொரு மதிப்பைப் பெற்றது. பசுவின் கொழுப்பையொத்த நிறமுடையது என்பது அவ்வடசொல்லின் பொருள். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் வரும் மதுரை மணிக்கடைத் தெருவின் வருணனையில், மஞ்சளும் சிவப்பும் கலந்த இருநிறச் சாயலுடைய கல்லாக அது இடம்பெறுகின்றதென உரைகாரர் கொள்வர். சோதிட மரபு ஒன்பது மணிகளையும் ஒன்பது கோள்களுக்கு வகுத்தபோது, கோமேதகம் இராகுவுக்கு உரியதாயிற்று. திருவாதிரை, சுவாதி, சதயம் ஆகிய நாண்மீன்களிற் பிறந்தோரும், இராகு தசை நடப்போரும் அதனை வெள்ளியிலோ பஞ்சலோகத்திலோ பதித்து நடுவிரலில் அணிவர். அம்மரபைப் போற்றுவோர் கல்லின் அடிப்பாகம் தோலைத் தொடும்படி மோதிரத்தின் கீழ்ப்புறத்தைத் திறந்துவிடச் சொல்வர். இஸ்லாமிய மரபிலே ஆடவர் பொன்னணி விலக்கப்பட்டதாதலின், முஸ்லிம் பெரியோர் பலர் கல்லை வெள்ளியிற் பதித்து அணிகின்றனர். ஒரே கல் பல நம்பிக்கைகளைத் தாங்கி நிற்கின்றது.

ஐரோப்பிய அறிஞர் கைக்கு இலங்கைக் கோமேதகம் எட்டியபொழுது, அவர்கள் அதன் நிறத்தைக் கண்டு கறுவாக்கல் என்றனர். இலங்கையின் கறுவாப்பட்டையே அவர்கள் நினைவில் நின்றது போலும். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஒத்த நிறமுடைய கற்களிலும் வன்மையும் அடர்த்தியும் குறைந்ததென்று கண்டு, ‘தாழ்ந்தது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ஹெசொனைட் என்னும் பெயரை ஆக்கினர். கீழ்நாட்டார் ஒன்பது உயர்மணிகளுள் ஒன்றாக வைத்த கல்லுக்கு, மேல்நாட்டார் தாழ்ந்த கல்லென்று பெயரிட்டனர். ஒரு சாரார் நிறத்தையும் மரபையும் நோக்கினர். மற்றவர் எடையையும் வன்மையையும் நோக்கினர். கல் மாறவில்லை, அளவுகோலே மாறிற்று.

இலங்கையில் இக்கல் பிறக்குமிடம் வயலின் அடியிலும் ஆற்றுப் படுகையிலுமே. இரத்தினபுரிப் பகுதியில் நிலத்தைக் குழியாகத் தோண்டி, பக்கங்கள் சரியாதவாறு மரச்சட்டம் நிறுத்தி, ‘இல்லம்’ எனப்படும் பரற்படையை அடைவர். அப்பரலைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்ற, மண் கரைந்தோட, எடைமிகுந்த மணிகள் அடியில் தங்கும். தெற்கே மாத்தறை மாவட்டத்துக் கம்புறுப்பிட்டியும் கோமேதகத்துக்குப் பெயர்பெற்ற இடம். சேற்றில் இடுப்பளவு நின்று கூடை சுழற்றுவோன், பல நாள் கூலியின்றிப் பங்கை நம்பியே உழைப்பவன். அவன் காண விழைவது நீலத்தையும் மாணிக்கத்தையும். கார்னெட் மிகுதியாக அகப்படுவதால் அவனுக்கு அதில் வியப்பில்லை. பட்டை தீட்டுவோன் கைபட்ட பின்னரே அதன் உள்ளொளி புலப்படும். முற்காலத்தில் அத்தொழிலாளி, ஒரு கையால் வில்லை இழுத்துச் சாணையைச் சுழற்றி, மறுகையாற் கல்லை அதன்மேற் பொருத்திப் பிடித்து வேலை செய்தான்.

இவ்வரலாற்றை அறிந்தோனுக்குக் கோமேதக மோதிரம் தெரிந்தெடுப்பது எளிதாகும். முதலில் வினவ வேண்டியது கல்லின் பெயர். தேன்நிறத்துச் சேர்க்கன் கல்லும் கோமேதகம் போலவே தோன்றும். ஆயின், சேர்க்கனின் மேற்றளத்தினூடே உருப்பெருக்கியால் நோக்கின், அடியிலுள்ள பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். கோமேதகத்தில் அவ்வாறு இரட்டிப்பதில்லை. அதன் உள்ளே பாகு கலங்கினாற்போலவும், வெயிலில் தார்வீதியின்மேல் அனல் அலைவது போலவும் ஒரு தோற்றம் காணப்படும். அறியாதார் அதனைக் குற்றமென்பர். அறிந்தாரோ பிறப்படையாளம் என்பர். மாசுமறுவற்று, குமிழிகள் மட்டும் தெரியும் கல்லே ஐயத்துக்குரியது. கண்ணாடியிலே குமிழி தோன்றும்.

செந்நிறக் கார்னெட்டை விரும்புவோர் இன்னொன்றையும் மனத்திற் கொள்ளவேண்டும். ஊர்ப்பெயரொன்றை முன்னே சேர்த்து, அதனை மாணிக்கம் என்று விற்ற வழக்கம் உலகெங்கும் இருந்தது. பெயரிலே மாணிக்கம், விலையிலே பாதி என்று கண்டு மகிழ்ந்து வாங்கியவன், பின்னர் வருந்துவான். கார்னெட்டைக் கார்னெட்டாகவே வாங்கியவனுக்கு வருத்தமில்லை. ஐயமுள்ளோர் மணிகளைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தின் சான்றைப் பெறலாம். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையும் அத்தகைய சோதனையை நடத்துகின்றது.

ஆடவர் கை வேலை செய்யும் கை. ஆதலின் கல் மிக உயர்ந்து நிற்றலாகாது. விளிம்பைச் சுற்றிப் பொன்னோ வெள்ளியோ அணைந்து காத்தல் நலம். நிறம் செறிந்த செங்கல்லாயின், அடியை உட்குழிவாகக் கடைந்து மெலிவித்தால் ஒளி ஊடுருவும். இன்றேல் கருங்கல்லாகவே தோன்றும். வளையம் விரற்கணுவைச் சற்று வருத்தியே கடத்தல் வேண்டும். எளிதாய் நுழைவது எளிதாய் நழுவும். திடீர் வெப்பமும் பெருந் தாக்குதலும் கல்லை வெடிக்கச் செய்யும். மிதமான வெந்நீரும் சவர்க்காரமும் மென்தூரிகையுமே அதனைத் தூய்மையாக்கப் போதும்.

இராகுவின் அருளுக்காக அணிவோனும், தந்தையின் நினைவுக்காக அணிவோனும், நிறத்தின் அழகுக்காக அணிவோனும் ஒரே கல்லையே விரலில் இடுகின்றனர். கிரேக்கன் அதனைத் தன் சொல்லுக்குச் சாட்சியாக்கினான். உரோமன் தன் குலத்துக்குச் சாட்சியாக்கினான். பிராங்கிய மன்னன் தன் வீரத்துக்குச் சாட்சியாக்கினான். இன்று மெழுகில் முத்திரையிடுவோர் இல்லை. ஆயினும் மோதிரத்தின் பழைய கடமை முற்றும் ஒழிந்துவிடவில்லை. கோமேதகத்தைக் கோமேதகமென்றே கூறி விற்பவனிடத்தும், அவ்வாறே அறிந்து அணிபவனிடத்தும், அக்கல் இன்றும் வாய்மைக்குச் சாட்சியாகவே விளங்குகின்றது.